இரண்டு என்று எழுதியிருந்தது

சம்பா காப்பீட்டுக்குக் கடைசி நாள்.
பதினொன்றரை மணிக்கு
மொத்த மாவட்டமும் ஒரே பொத்தானை அழுத்தியது.
காப்பீடு நின்றது. அது எதிர்பார்த்ததுதான்.
கூடவே கொள்முதல் டோக்கன் நின்றது.
ரத்த வங்கியின் பக்கம்
வெள்ளையாய்ச் சுற்றிக்கொண்டே இருந்தது.
ஓ நெகட்டிவ் தேடி வந்தவருக்கும்
பயிர்க் காப்பீட்டுக்கும் என்ன பகை?

பகை ஒன்றுமில்லை.
மூன்றுக்கும் முன்னால் நான் வைத்த வாசல் ஒன்று.
பின்னால் நின்ற ஆறு சர்வர்களும்
யார் கூப்பிட்டாலும் ஓடும்படி
கட்டியதும் நான்தான்.
சிக்கனம் என்று அதற்குப் பேர் வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு
நஜ்முதீனின் ஸ்கூட்டரில் திருவாரூரிலிருந்து
மூணாறு தலைப்புக்குப் போனேன்.
வெண்ணாறு அங்கே பிரிகிறது:
கோரையாறு, பாமணியாறு,
மிச்சமும் வெண்ணாறுதான்.
லஸ்கர் வைரக்கண்ணு
நோட்டில் அளவு எழுதிக்கொண்டிருந்தார்.
"பாமணில உடைப்புன்னா?"
"பாமணிய மூடுவோம்."
"மத்த ரெண்டும்?"
ஒருமாதிரி பார்த்தார்.
"அதுபாட்டுக்குப் போவும்."
அதற்குமேல் பேச அவருக்கு நேரமில்லை.

திரும்பும்போது நீடாமங்கலம் கேட்டில் நாற்பது நிமிடம்.
கூட்ஸ் ஒன்று எஞ்சினை மாற்றிக்கொண்டிருந்தது.
கூத்தாநல்லூர் தம்ரூட்டை அங்கேயே தின்று தீர்த்தோம்.

இரவு வரைந்தேன்.
காப்பீட்டுக்கு ஒரு குழு.
டோக்கனுக்கு ஒரு குழு.
ரத்த வங்கிக்கு இரண்டே சர்வர்,
ஆனால் வேறு யாரும் தொடமுடியாத இரண்டு.
ஐந்து நொடிக்கு ஒருமுறை
"இருக்கியா?" என்று கேட்கும் லோடு பேலன்சர்.
மூன்று தரம் பதில் இல்லையென்றால்
அந்தப் பக்கம் ஆள் அனுப்பாது.
"இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு
வேலை பார்க்காமல் நிற்கிற சர்வரும் உண்டு.
அதனால் கேள்வியை மாற்றினேன்:
"ஓ நெகட்டிவ் எத்தனை யூனிட்?"

மேலாளர் மங்களாம்பிகை மேடம் கணக்குக் கேட்டார்.
இந்த இரண்டும் நாள் முழுக்கச் சும்மா நிற்கிறதே,
காப்பீட்டுக்குக் கொடுத்தால் என்ன?
கொள்ளிடமும்தான் பாதி வருஷம் மணலாய்க் கிடக்கிறது மேடம்,
அதில் யாராவது வீடு கட்டுவார்களா
என்று சொல்ல வாயெடுத்தேன்.
கரையோர பிளாட் விளம்பரம் நினைவுக்கு வந்து
வாயை மூடிக்கொண்டேன்.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், எதற்கென்று தெரியவில்லை.

சனி இரவு இரண்டு பத்து.
நஜ்முதீன் ஒரு சுவிட்சை அணைத்தான்.
முதல் லோடு பேலன்சர் விழ,
இரண்டாவது ஏற்கவேண்டும்.
ஏற்கவில்லை.
மூன்று குழுவும் சேர்ந்து இருண்டது.
ரேக்குக்குப் பின்னால் மண்டியிட்டு டார்ச் அடித்தால்
ஒன்று, இரண்டு என்று நான் சீட்டு ஒட்டிய இரண்டும்
ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில்,
ஒட்டிப் பிறந்தவை மாதிரி.

தஞ்சாவூருக்கு ஒரு பஸ்,
மன்னார்குடிக்கு ஒரு பஸ்.
வேறு நம்பர், வேறு டிரைவர்,
வேறு ஊர்ப் பாட்டு.
நிற்பது அந்த ஒரே கேட்டில்.

இரண்டாவதைப் பக்கத்து அறைக்கு,
வேறு யுபிஎஸ்ஸுக்கு, வேறு வயருக்கு மாற்றுவதற்குள்
விடிந்துவிட்டது.
மறுபடி அணைத்தான்.
பக்கம் திணறியது.
நாலு நொடி.
பிறகு வந்தது:
ஓ நெகட்டிவ், மூன்று யூனிட்.

இந்த வருஷமும் கடைசி நாளில் காப்பீடு நின்றது.
இருபது நிமிடம், வண்டை வண்டையாய் வசவு.
அதே இருபது நிமிடத்தில்
டோக்கன் நூற்றுப்பதினேழு பேருக்குப் போயிருந்தது.
ரத்த வங்கியில் யாரோ தேடியிருந்தார்கள்,
கிடைத்திருந்தது.
அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது.
தெரியவேண்டியதும் இல்லை.

டீ வாங்கி வந்த நஜ்முதீன்
கிளாஸை நீட்டியபடியே கேட்டான்:
"அந்த ரூமுக்கும் இந்த ரூமுக்கும்
கரண்டு ஒரே டிரான்ஸ்ஃபார்மர்லேர்ந்துதானே வருது?"

கிளாஸை வாங்காமல்
செருப்பைத் தேடினேன்.